ஒரு பக்கம், மூன்று பத்தி

சாதிக்,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டதற்கு என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. "அம்மா, ஏழாவது பசங்களுக்கு ஒரு பக்கக் கட்டுரை எப்டி எழுதறதுன்னு சொல்லித் தரணும். நீ இத்தினி வருசமா செய்யறதுதானே, ஒரு பேப்பர்ல எழுதி அனுப்பேன்" என்றாய். வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை, அதற்குள் உன் குரல் வாத்தியார் குரலாகிவிட்டிருந்தது. உன் பிள்ளைகளில் பாதிப்பேர் நான்கு வரி எழுதிவிட்டுப் பேனாவை மூடிவிடுகிறார்கள், மீதிப்பேர் பத்தியே பிரிக்காமல் நான்கு பக்கம் எழுதித் தள்ளுகிறார்கள் என்றாய். அனுப்புகிறேன் என்று சொல்லிப் போனை வைத்தேன். அன்றைக்கே உட்கார்ந்தேன். ஒரு தாளில் முடிந்துவிடும் என்றுதான் நினைத்தேன். இரண்டு நாளாக எழுதுவதும் கிழிப்பதுமாக இருக்கிறேன். கட்டுரையைப் பற்றி உனக்கு நான் எதைச் சொல்ல ஆரம்பித்தாலும் உன் அத்தா இறந்த வருஷத்தில் போய் நிற்கிறது. அதைப் பற்றிப் பத்து வருஷமாக நாம் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. இந்தக் கடிதத்தில் பேசிவிடலாம் என்று முடிவு செய்துவிட்டேன். நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்.

முதலில் நீ கேட்டது. பேனா தாளைத் தொடுவதற்கு முன்னால் ஐந்து நிமிஷம் பிள்ளைகளைச் சும்மா உட்காரவை. கடைசிப் பக்கத்தில், சொல்ல நினைப்பதையெல்லாம் ஒற்றை ஒற்றை வார்த்தையாக எழுதச் சொல். வாக்கியம் வேண்டாம். மழை என்று தலைப்புக் கொடுத்தால் சாக்கடை, பள்ளிக்கூட லீவு, ஒழுகும் கூரை, தவளை என்று பத்து வார்த்தை வரும். அதில் ஏழு வார்த்தையை அடிக்கச் சொல். அடிக்க மனசு வராது, ஆனாலும் அடிக்க வேண்டும். மிச்சமிருக்கும் மூன்றுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டால் அதுதான் குறிப்புச் சட்டகம். பாடப்புத்தகத்தில் அதற்குக் கட்டம் கட்டிப் படம் போட்டிருக்கும், அது வேண்டியதில்லை. பிறகு இடதுபக்கம் இரண்டு விரல் அகலத்துக்குக் கோடு. தலைப்பு நடுவில். அதற்குக் கீழே ஒரு வரி காலி. தலைப்புக்கு அடியில் சிவப்பிலும் பச்சையிலும் மூன்று கோடு போட்டுப் பூ வரைந்து நேரத்தைத் தொலைக்கிற பிள்ளை எல்லா வகுப்பிலும் ஒன்று இருக்கும், அதைத் திட்டாதே, கட்டுரையை முடித்துவிட்டுப் பூ வரையச் சொல். ஒவ்வொரு பத்தியும் ஒரு விரல் உள்ளே தள்ளித் தொடங்க வேண்டும். முன்னுரை இரண்டு மூன்று வாக்கியம் போதும். எதைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று சொன்னால் முடிந்தது. என் பிள்ளைகள் பேருந்து நிலையத்தைப் பற்றி எழுதினாலும் பசுமாட்டைப் பற்றி எழுதினாலும் "இவ்வையகத்தில் மனிதராய்ப் பிறந்த ஒவ்வொருவருக்கும்" என்றுதான் தொடங்குவார்கள். அந்த வாக்கியத்தை நான்தான் எப்போதோ பலகையில் எழுதிப்போட்டேன்.

நடுவில் வருவது பொருளுரை. எண் போட்ட ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி. ஒரு பத்தியில் ஒரு விஷயம்தான். அந்த விஷயம் முதல் வாக்கியத்திலேயே தெரிந்துவிட வேண்டும், அடுத்து வரும் நான்கைந்து வாக்கியங்கள் அதைக் கண்ணுக்குக் காட்ட வேண்டும். முதலில் நடந்தது முதலில், அடுத்து நடந்தது அடுத்து என்று போவது சின்னப் பிள்ளைகளுக்குச் சுலபம். முடிவுரையில் முன்னுரையைத் திரும்ப எழுத விடாதே. புதிதாக ஒரு விஷயத்தை நுழைக்கவும் விடாதே. இவ்வளவு சொன்னோமே, அதனால் என்ன என்பதற்குப் பதில் சொல்லிவிட்டு நிறுத்தினால் போதும். எழுத்து தப்பினால் ஒரே ஒரு கோடு போட்டு அடிக்கட்டும், தாள் கிழியும்வரை தேய்க்க வேண்டாம். முடித்ததும் உதடு அசைய ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும். மூச்சு வாங்குகிற இடத்தில் வாக்கியத்தை உடைத்துவிட வேண்டும். இவ்வளவுதான். இந்த வேலையை நான் முப்பது வருஷம் செய்தேன். தண்டையார்ப்பேட்டையில் என்னிடம் படித்தவர்கள் இப்போதும் மார்க்கெட்டில் பார்த்தால் "மார்ஜின் டீச்சர்" என்றுதான் கூப்பிடுகிறார்கள். அது உனக்கும் தெரியும். நீயும் அந்த வகுப்பில் உட்கார்ந்தவன்தானே.

நீ ஏழாவதில் என் வகுப்புக்கு வந்தபோது பள்ளிக்கூட வாசலைத் தாண்டினால் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிட வேண்டும் என்று சொல்லியிருந்தேன். நீ ஒருநாளும் தவறவில்லை. மற்றவர்கள் ஒரு வார்த்தை சொல்லிவிடக் கூடாது என்பதற்காக உன்னிடம் இரண்டு பங்கு கண்டிப்பாக இருந்தேன். அந்த வருஷம் ஐப்பசியில் "என் தந்தை" என்று மாதிரிக் கட்டுரை ஒன்றைப் பலகையில் எழுதினேன். என் தந்தை அதிகாலையில் எழுவார், கடமையைக் கண்ணாகக் கருதுவார், மாலையில் வீடு திரும்பி எங்களுக்கு நல்லொழுக்கங்களைக் கற்பிப்பார் என்று போகும். கொருக்குப்பேட்டையிலிருந்து வருகிற அமுதா, உனக்கு ஞாபகம் இருக்கும், எழுந்து நின்றாள். "டீச்சர், எங்க நைனா காலையில எந்திரிக்கவே மாட்டாரு. கூட்ஸ் ஷெட்டுல மூட்டை தூக்கிட்டு வந்து பகல்லதான் தூங்குவாரு. நா இன்னா எழுதறது?" என்றாள். வகுப்பே சிரித்தது. "பலகையில என்ன இருக்கோ அதை எழுது" என்றேன். அவள் உட்கார்ந்து எழுதினாள். உன் அத்தாவும் பகலில் தூங்குகிறவர்தான். திருவொற்றியூர் பக்கம் கண்டெய்னர் யார்டில் அவர் செக்கர், பெட்டிகளின் நம்பரையும் பூட்டு முத்திரையையும் பார்த்துச் சீட்டில் குறித்துக்கொண்டே யார்டு முழுவதும் நடக்கிற வேலை. ராத்திரி ஷிஃப்டு முடித்து ஏழு மணிக்கு வந்து, உன்னிடம் கிரிக்கெட் ஸ்கோர் கேட்டுவிட்டுப் படுத்துவிடுவார். அவர் யாருக்கும் நல்லொழுக்கம் கற்பித்து நான் பார்த்ததில்லை. நீயும் பலகையில் இருந்ததையே எழுதினாய். அரையாண்டுத் தேர்வுக்கும் அதே தலைப்பைத்தான் கொடுத்தேன். வினாத்தாள் அச்சுக்குப் போய்விட்டது.

அது கார்த்திகை தொடக்கம், மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. எட்டாவதுக்குச் சிறப்பு வகுப்பு இருந்ததால் ஏழே முக்காலுக்கே நான் கிளம்பிவிட்டேன். அதுவரை அத்தா வந்திருக்கவில்லை. மழையில் பஸ் கிடைத்திருக்காது என்று நினைத்தேன். உனக்கும் அத்தாவுக்கும் இட்லி மூடி வைத்திருப்பதாகவும் கதவைப் பூட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுக்கும்படியும் உன்னிடம் சொன்னேன். ஒன்பது மணிக்கு முதல் பாடவேளை உங்களுக்குத் தமிழ். நீ இல்லை. ஒன்பது இருபத்தைந்துக்கு வந்து நின்றாய். முட்டிவரை சேறு. பை நனைந்திருந்தது.

"உள்ள வரலாமா டீச்சர்?"

"மணி என்ன?"

நீ சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தாய். "ஒம்போது இருபத்தஞ்சு டீச்சர்."

"வெளிய நில்லு."

நீ ஏதோ சொல்ல வாயைத் திறந்தாய். அதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் பலகைப்பக்கம் திரும்பினேன். அந்தப் பாடவேளை முடியும்வரை நீ வராண்டாவில் தூணோரம் நின்றாய். பாடவேளை முடிந்து நான் வெளியே வந்தபோதும் ஏன் லேட்டு என்று கேட்கவில்லை. "போய் உட்காரு" என்றேன். பத்தே முக்காலுக்குத் தலைமையாசிரியை என் வகுப்பு வாசலுக்கு வந்து, யார்டில் பின்னால் எடுத்த டிரெய்லர் ஒன்று உன் அத்தாமேல் ஏறிவிட்டதாகச் சொன்னார்கள். கையிலிருந்த சாக்பீஸை மேசைமேல் வைத்தேன். அது உருண்டு விழாமலிருக்க டஸ்டரை அதற்கு அணையாக வைத்தேன். பிறகு உன் வகுப்புக்கு வந்து உன்னைக் கூப்பிட்டேன். ஆட்டோவில் போகும்போது நீ என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாயா, நான் உன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேனா என்று பிற்பாடு எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்திருக்கிறேன். ஞாபகமில்லை. இரண்டும் இல்லை என்றே நினைக்கிறேன்.

மறுநாள் லுஹர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் செய்தார்கள். நான் இத்தாவில் உட்கார்ந்தேன். நான்கு மாதம் பத்து நாள், வீட்டு வாசலைத் தாண்டவில்லை. முன்னறைக்கும் வாசலுக்கும் நடுவில் உன் மாமா ஒரு நீலத்துணியைத் திரையாகக் கட்டிவிட்டுப் போனார். பார்க்க வந்த பெண்கள் அழுதார்கள், நான் அவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தேன். துக்கம் என்று சொல்கிறார்களே, அது எனக்கு வரவே இல்லை சாதிக். பல்லைப் பிடுங்குவதற்கு முன்னால் ஊசி போட்டால் ஈறு மரத்துக் கன்னம் நம்முடையது இல்லாததுபோல் இருக்கும், அப்படித்தான் முழு உடம்பும் இருந்தது. சோறு வடித்தேன், துணி துவைத்தேன், ஐந்து நேரமும் தொழுதேன். நீ பள்ளிக்கூடம் போனாய், வந்தாய். உன் சட்டைக் காலரில் அழுக்கு இருக்கிறதா என்று பார்த்தேன். உன் முகத்தைப் பார்த்ததாகச் சொல்ல முடியாது.

டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு முடிந்தது. என் வகுப்புத் தாள்களைத் திருத்த ஆள் இல்லை என்று கமலா டீச்சர் கட்டோடு வீட்டுக்கே கொண்டுவந்தார்கள். "உனக்கு முடியலன்னா வச்சிடு, நான் பாத்துக்கறேன்" என்று இரண்டு தடவை சொன்னார்கள். நான் வாங்கி வைத்துக்கொண்டேன். மறுநாள் ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டே வந்தபோது உன் தாள் வந்தது. கோடு நேராக இருந்தது, தலைப்பு நடுவில் இருந்தது, பத்திகள் ஒரு விரல் உள்ளே தள்ளி இருந்தன. என் தந்தை அதிகாலையில் எழுவார். மாலையில் வீடு திரும்புவார். எங்களுக்கு நல்லொழுக்கங்களைக் கற்பிப்பார். பலகையில் நான் எழுதியது ஒரு வார்த்தை மாறாமல் இருந்தது. நாற்பது நாள் முன்பு இறந்துபோன மனிதர் அந்தத் தாளில் தினமும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். எங்கேயோ ஒரு ற் விட்டுப்போயிருந்தது. அதைச் சுழித்துப் பத்துக்கு ஒன்பது போட்டேன். அடுத்த தாளை எடுத்தேன். அது அமுதாவினுடையது. அவளுடைய நைனாவும் அதிகாலையில் எழுந்தார்.

ஜனவரியில்தான் அந்தப் பிரச்சினை வந்தது. யார்டுக்கு ஆள் வைத்திருந்த ஒப்பந்ததாரர், உன் அத்தாவின் ஷிஃப்டு காலை ஆறு மணிக்கே முடிந்துவிட்டது, வருகைப் பதிவேட்டில் ஆறு மணிக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டார், அதற்குமேல் அவர் உள்ளே இருந்தது அவராக அத்துமீறி இருந்தது என்று எழுதிக் கொடுத்துவிட்டார். யார்டில் எல்லோரும் ஆறு மணிக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான், மாற்று ஆள் வராவிட்டால் மறுபடியும் உள்ளே போவார்களாம். ஆனால் அதைச் சொல்ல யாரும் முன்வரவில்லை. உள்ளே இருந்தவர்களுக்கும் வேலை வேண்டுமே. வேலை முடிந்தபிறகும் போகாமல் ஓர் ஆள் அங்கே என்ன செய்துகொண்டிருந்தார் என்று தெருவில் ஒரு மாதிரியாகப் பேச ஆரம்பித்தார்கள். இரும்புத் துண்டு, செம்புக் கம்பி என்றெல்லாம் காதில் விழுந்தது. உன் அத்தா அடுத்தவர் வீட்டுத் தீப்பெட்டியைக்கூடத் திருப்பிக் கொடுத்துவிடுகிற மனிதர்.

யார்டுத் தொழிலாளர் சங்கத்து ஏழுமலை அண்ணன் வந்து திரைக்கு அந்தப் பக்கம் நின்று பேசினார். அவர் கால் மட்டும் தெரியும், ரப்பர் செருப்பில் பாதி சேறாக இருக்கும்.

"டீச்சரம்மா, வர்ற திங்கக்கெழம லேபர் ஆபீசுல விசாரண. அதிகாரி கையில ஒரு மனு குடுக்கணும். உன் கையால எழுதி, நீ கையெழுத்துப் போட்டது. ஒரே பக்கம். அதுக்கு மேல எழுதினா அந்தாளு படிக்க மாட்டான், ஒரு நாளைக்கு நூறு பேப்பரப் பாக்கறவன். யாரு, இன்னா நடந்துச்சு, உனுக்கு இன்னா வோணும். அவ்ளோதான். உனுக்கு நா சொல்லணுமா, நீயே ஊருக்கெல்லாம் எழுதக் கத்துத் தர்றவ."

எழுதித் தருகிறேன் என்றேன். அவர் போனதும் தாளை எடுத்து இடதுபக்கம் கோடு போட்டேன். பெறுநர் எழுதினேன். ஐயா என்று எழுதிக் காற்புள்ளி வைத்தேன். அதற்குமேல் வரவில்லை. மறுநாளும் அப்படித்தான். என்ன நடந்தது என்று எழுத வேண்டும், என்ன நடந்தது என்று எனக்கு ஒன்றும் தெரியாது. நான் வகுப்பில் இருந்தேன். அவர் ஏன் ஆறு மணிக்குக் கிளம்பவில்லை என்று எனக்குத் தெரியாது. ஐயா என்று எழுதிய தாள்கள் ஐந்தாறு மேசைமேல் கிடந்தன. ஏழுமலை அண்ணன் சனிக்கிழமை வந்து "இன்னா டீச்சரம்மா, ஆச்சா?" என்றார். "நாளைக்கு" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டு நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். நீ மேசையிலிருந்த தாள்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாய்.

"அம்மா, நா எழுதட்டா?"

"எதை?"

"அந்த மனு."

"உனக்கு என்ன தெரியும்?" என்றேன். கோபமாகச் சொல்லவில்லை, எந்த விதமாகவும் சொல்லவில்லை. நீ நாட்காட்டியிலிருந்து பழைய தாளைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் வார்த்தை வார்த்தையாக எழுதினாய். சிலவற்றை அடித்தாய். எண் போட்டாய். பிறகு நான் கோடு போட்டு வைத்திருந்த தாளில், ஐயா என்பதற்குக் கீழேயிருந்து எழுத ஆரம்பித்தாய். அரைமணி நேரம் ஆகியிருக்கும். உதடு அசையப் படித்துப் பார்த்தாய். கொண்டுவந்து என் கையில் கொடுத்தாய். அந்த மனுவின் நகல் இன்றும் என்னிடம் இருக்கிறது, பார்க்காமலே சொல்வேன். முதல் பத்தியில், கண்டெய்னர் யார்டில் செக்கராக இருந்த என் கணவர் பணியிடத்தில் இறந்தார், அவர் வேலை முடிந்தபின் அங்கே இருந்ததாக ஒப்பந்ததாரர் சொல்கிறார், அது சரியல்ல என்று இருந்தது. இரண்டாவது பத்தி இது: "அன்று காலை ஆறு மணிக்கு அவருக்கு மாற்று ஆள் வரவில்லை. அதனால் மதியம்வரை இருக்கச் சொன்னார்கள். எட்டு மணிக்கு யார்டிலிருந்து ஒருவர் சைக்கிளில் வந்து இதைச் சொல்லி டிபன் கேட்டார். என் மகன் அவர்கூடப் போய் எட்டே முக்காலுக்கு யார்டு வாசலில் டிபனைக் கொடுத்தான். வேலையில் இருப்பவர்களுக்கு மட்டும்தான் டிபனை விடுவார்கள். காவளாளி அதைக் கேட் நோட்டில் எழுதினார். என் கணவர் கையில் பெட்டி நம்பர் குறிக்கும் சீட்டுகளோடு வந்து வாங்கிக்கொண்டார்." மூன்றாவது பத்தியில், அந்த நோட்டை வரவழைத்துப் பார்த்து என் கணவர் வேலையில் இருக்கும்போதுதான் இறந்தார் என்று எழுதித்தர வேண்டுகிறேன் என்று இருந்தது. அதோடு முடிந்தது. ஒரு பக்கம்கூட நிறையவில்லை.

நீ அன்று ஏன் லேட்டாக வந்தாய் என்பதை நான் அந்தத் தாளில்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். நடந்து இரண்டு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. அவரைக் கடைசியாகப் பார்த்தவன் நீ. நான் மூடி வைத்திருந்த உன் பங்கு இட்லியையும் சேர்த்துத்தான் கட்டிக்கொண்டு போயிருக்கிறாய், அன்று திரும்பிவந்தபோது பாத்திரம் காலியாக இருந்தது, உனக்கு உட்கார்ந்து தின்ன நேரமும் இருந்திருக்காது. மழையில் திருவொற்றியூர்வரை போய்த் திரும்பி ஓடிவந்து வகுப்பு வாசலில் நின்றவனைத்தான் நான் தூணோரம் நிறுத்தினேன். இதெல்லாம் எனக்கு அந்த நிமிஷமே புரிந்தது சாதிக். புரியவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். புரிந்தும் நான் செய்தது என்ன தெரியுமா? மேசையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தேன். காவளாளி என்பதில் ள வைச் சுழித்தேன். மேலே ல என்று எழுதினேன். "திருத்தி நல்ல தாள்ல எழுது" என்று உன்னிடம் நீட்டினேன். நீ "சரிம்மா" என்று வாங்கிக்கொண்டு போய்த் திருத்தி எழுதினாய். நான் கையெழுத்துப் போட்டேன்.

திங்கட்கிழமை நீ ஏழுமலை அண்ணனோடு போனாய். சாயங்காலம் அவர் திரைக்கு அந்தப் பக்கம் நின்று மூச்சு வாங்கச் சொன்னார்.

"டீச்சரம்மா, நோட்ட எடுத்தாரச் சொல்லிட்டாரு! அவுங்க ஆளுங்க மொதல்ல தொலஞ்சு பூடுச்சுன்னாங்க. அதிகாரி உடவே இல்ல. ரெண்டு மணிக்குக் கொண்டாந்தாங்க. அந்த வாட்ச்மேன் கையெழுத்து கலீஜா கீது, ஆனா எழுதி கீறான். பேரு, டைமு, டிபன், பையன்னு. மூணு தபா படிச்சாரு. அப்பால, இந்த மனு யாரு எழுதனதுன்னு கேட்டாரு. எங்கம்மா டீச்சருன்னான் உம் புள்ள. சும்மா சொல்லக்கூடாது, நறுக்குன்னு எழுதி கீறேம்மா."

நீ பக்கத்தில்தான் நின்றாய். உன் பேண்ட்டின் கீழ்மடிப்பு திரைக்கடியில் தெரிந்தது. நான் "அல்ஹம்துலில்லாஹ்" என்றேன். நான் எழுதவில்லை, இவன்தான் எழுதினான் என்று சொல்லவில்லை. மார்ச்சில் தபாலில் அந்தத் தாள் வந்தது. பணியின்போது இறந்தார் என்று எழுதி முத்திரை போட்டிருந்தது. தெருவில் பேச்சு நின்றுபோனது. பேசியவர்களே வந்து நலம் விசாரித்தார்கள். அந்தத் தாளை எத்தனை தடவை படித்தாலும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. குரானை வைக்கிற அலமாரியில் உறை போட்டு வைத்தேன்.

இதற்குமேல் ஒன்று இருக்கிறது. எழுதக் கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன். இத்தா முடிந்து நான் பள்ளிக்கூடம் போனதும் ஆசிரியர் அறையில் எல்லோரும் அந்த மனுவைப் பற்றிக் கேட்டார்கள். ஏழுமலை அண்ணன் ஊரெல்லாம் சொல்லியிருந்தார். நான் மறுக்கவில்லை. அடுத்த வருஷம் எட்டாவதில் மனு எழுதும் பாடம் வந்தபோது, பெயர்களையும் இடத்தையும் மாற்றி அதே மூன்று பத்தியைப் பலகையில் எழுதி, சுருக்கமாக எழுதுவதற்கு இதுதான் மாதிரி என்று நடத்தினேன். நீ மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்து அதை உன் நோட்டில் பார்த்து எழுதிக்கொண்டாய். நோட்டைத் திருத்தும்போது பார்த்தேன். ஒரு பிழை இல்லை. நன்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதற்குப்பிறகு எத்தனை வருஷம் அதே பாடத்தை நடத்தினேன் என்று நான் எண்ணிப் பார்க்கவில்லை. நீ ஒருநாளும் அதைப் பற்றி என்னிடம் கேட்கவில்லை. பத்தாவது முடித்தாய், பன்னிரண்டாவது முடித்தாய், ஆசிரியர் பயிற்சிக்குப் போகிறேன் என்றாய். ஏன் என்று அதையும் நான் கேட்கவில்லை. வேலை வந்தபோது, மீஞ்சூர் பக்கம் கிடைத்திருந்தால் வீட்டிலிருந்தே போய்வரலாமே என்று மட்டும் சொன்னேன். நீ "பரவாயில்லம்மா, தூரமா இருந்தாலும் போறேன்" என்றாய்.

அதனால் நீ கேட்ட தாளில் கடைசியாக இதையும் சேர்த்துக்கொள். பிள்ளைகளின் கட்டுரை கையில் வந்ததும் பேனாவை மூடி வை. முதல் தடவை சும்மா படி. தாளில் என்ன சொல்லியிருக்கிறது என்று பார். அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு அதைப் பற்றி ஒரு கேள்வியாவது கேள். பிறகு ல வையும் ள வையும் திருத்திக்கொள்ளலாம், அவை எங்கேயும் ஓடிவிடாது. பலகையில் மாதிரி எழுதினால், இது மாதிரிதான், உன் வீட்டில் எப்படியோ அப்படி எழுது என்று சொல்லிவிடு. கோடும் தலைப்பும் பத்தியும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அன்று நான் பேச்சற்று உட்கார்ந்திருந்தபோது நடந்ததை வரிசையாகச் சொல்ல உனக்கு அவை உதவின. அதை நான் கண்ணால் பார்த்தேன். ஆனால் அதைக் கற்றுக்கொடுத்தவள் நான் என்று பெருமைப்பட எனக்கு வாய் வரவில்லை.

போன மாதம் நீ பெட்டியோடு கிளம்பிப்போனாய். மறுநாள் காலை ஒரு ஆளுக்கு மட்டும் இட்லி ஊற்றினேன். தட்டில் வைத்தபோது, மரத்துப்போன காலில் உணர்வு திரும்புகிறபோது குத்துமே, அப்படி எங்கேயோ குத்த ஆரம்பித்தது. இன்னும் நின்றபாடில்லை. நல்லதுக்கா கெட்டதுக்கா என்று தெரியவில்லை. காலாண்டு விடுமுறைக்கு உன்னிடம் வருகிறேன். கமலா டீச்சரிடம் சொல்லி டிக்கெட்டும் எடுத்தாயிற்று. பஸ் ஸ்டாண்டுக்கு வந்து காத்திருக்காதே, விசாரித்துக்கொண்டு நானே வந்துவிடுவேன். அத்தா அன்று வாசலுக்கு வந்து டிபனை வாங்கியபோது உன்னிடம் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. சிரித்தாரா, தூக்கக் கலக்கத்தில் இருந்தாரா, மழையில் ஏன் வந்தாய் என்று திட்டினாரா, ஒன்றும் தெரியாது. மனுவுக்கு அது தேவைப்படவில்லை, நீ விட்டுவிட்டாய். எனக்குத் தேவைப்படுகிறது. கடிதத்தில் எழுத வேண்டாம். நேரில் உட்கார்ந்து, எவ்வளவு நேரம் ஆனாலும் சரி, முதலிலிருந்து சொல். நான் குறுக்கே பேச மாட்டேன்.

அம்மா